வடக்கே தலை வைத்த அந்த ஒரு வாரம்

டொக்... டொக்... டொக்...

முதுகில் ஒரு விரலை வைத்து, அதன்மேல் இன்னொரு விரலால் தட்டும் சத்தம். பிள்ளையார்பாளையத்தில் நாலு பக்கமும் தறிச் சத்தம்தான். அதற்கு நடுவிலும் இது எனக்குத் தனியாகக் கேட்கும். என் உடம்புக்குள்ளிருந்து வருவதாயிற்றே!

என் பெரிய மகள் கௌரி அப்போது மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் வருஷம். ஞாயிறு தவறாமல் ஹாஸ்டலிலிருந்து அவள் சிநேகிதிகள் மூன்று பேர் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். நோயாளியைப் பரிசோதிப்பதை ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொடுத்துப் பழகுவார்கள். நோயாளி... வேறு யார், நான்தான். சமையலும் நான்தான்.

அந்த மூன்று பேரில் கைதேர்ந்தவள் நஸ்ரின்.

"தறி அடிக்கிற மாதிரி அடிக்காதடி கௌரி, அம்மா பாவம். மணிக்கட்ட மட்டும் ஆட்டு."

"நீ மட்டும் என்னாவாம்? எங்கம்மாவ பலாப்பழம் மாதிரி தட்டிக்கினு இருக்கிற!"

பேசும்போது நெஞ்சு அதிர்வதைக் கையால் தொட்டுப் பார்க்க, "தொண்ணூத்தொம்பது சொல்லுங்கம்மா" என்பாள் நஸ்ரின். எனக்கு வாயில் வருவது 'நமசிவாய'தான். "அதையே சொல்லுங்கம்மா, நல்லா அதிருது" என்று சிரிப்பாள்.

நான் பத்தாவதோடு நின்றவள். ஆனால் எதற்கும் கணக்கு எழுதாமல் விடமாட்டேன். பார்ப்பது, தொடுவது, தட்டுவது, ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பது... அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே வரிசையைக் கற்றுக்கொண்டு, நோட்டில் கட்டம் போட்டுவைத்தேன். சரியாகச் செய்தால் ஒரு டிக். யாராவது தாண்டிப் போனால் படுத்தபடியே, "பாப்பா, தட்டாமலே கேக்கப் போயிட்டியே" என்பேன். கௌரிக்கு எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்தது.

காலேஜ் டெஸ்டில் அவள் ஃபெயில்.

நோயாளியின் வலது பக்கம் நின்றுதான் பார்க்க வேண்டும். அவளும் படித்ததுதான். ஆனால் பயத்தில் கால் தானாக இடது பக்கம் போய் நின்றுவிட்டது. "இந்தப் பக்கம் வாம்மா" என்று மேடம் சொன்னதும் எல்லாமே தலைகீழாகி, கையே ஓடவில்லையாம். அடுத்த திங்கட்கிழமை இன்னொரு வாய்ப்பு. அதிலும் போனால் ஜூனியர்களோடு நின்று மறுபடி முதலிலிருந்து... அழுது அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"எப்படிடி அந்தப் பக்கம் போன?" என்ற நஸ்ரின், எங்கள் கட்டிலையே பார்த்தாள்.

கிழக்குச் சுவரை ஒட்டிய கட்டில். எதிரே பீரோ, இழுத்துப் போட இடமில்லை. நான் தெற்கேதான் தலை வைப்பேன். அப்படிப் படுத்தால் என் வலது பக்கம் சுவர், வந்து நிற்க இடது பக்கம்தான்! மற்றவர்களுக்கு ஹாஸ்டல் கட்டிலிலும் பழக்கம் இருந்தது. வீட்டிலிருந்தே போய்வரும் கௌரிக்கு இந்த ஒரு கட்டில்தான். அத்தனை டிக் போட்ட என் நோட்டில், எந்தப் பக்கம் என்று ஒரு கட்டமே இல்லை...

"தலகாணிய அந்தாண்ட போட்டா சரியாப் பூடும்மா" என்றாள் கௌரி, என் முகத்தைப் பார்க்காமல்.

அந்தாண்ட வடக்கு. பிரசவ வார்டிலேயே கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லி சண்டை பிடித்தவள் நான்.

"அம்மா வேணாம்டி, நான் படுக்கிறேன்" என்று நஸ்ரின் கட்டிலில் ஏறப்போனாள்.

"நீயும் யாரோ பெத்த புள்ளதானே? உன்ன வடக்கால படுக்க வுட்டுட்டு நான் பாத்துக்கினு இருப்பனா? நகரு."

சுவாமி படத்தைப் பார்த்தேன். "ஏகாம்பரநாதா, தூங்கறதுக்கு இல்லப்பா... படிப்புக்கு." படுத்துவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க சாயங்காலமானால் நஸ்ரின் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். நோட்டில் முதல் கட்டமாக "வலது பக்கம்" ஏறியது.

திங்கட்கிழமை மத்தியானம் போன்.

"பாஸ்மா! யாரு சொல்லிக்குடுத்ததுன்னு மேடம் கேட்டாங்க. நஸ்ரின்னு சொன்னேன்."

"என் பேரச் சொல்லலியா?"

"பேஷண்ட்ட எல்லாம் யாரும்மா கேக்கறாங்க!"

இப்போது நாலு பேரும் ஆளுக்கொரு ஊரில் டாக்டர்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பொம்மையை வைத்தும் பழகுகிறார்களாம், கௌரி சொன்னாள். பொம்மைக்குத் திசையும் இல்லை, பசிக்கிறவர்களுக்கு அது சாம்பாரும் வைக்காது...

போன மாசம் எனக்கு இருமல். லீவில் வந்திருந்த கௌரி ஸ்டெதஸ்கோப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள், நானே தலையணையை வடக்கே மாற்றிப் போட்டுப் படுத்திருந்தேன். பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. உடனே வீடியோ கால் போட்டாள்.

"நஸ்ரின், இங்க வந்து பாருடி!"

போனுக்குள்ளிருந்து அதே குரல். "அம்மா... தொண்ணூத்தொம்பது சொல்லுங்க!"

"நமசிவாய" என்றேன்.