சேகரண்ணன் குடிக்கவில்லை

வெல்டர் சேகரண்ணன் போய்விட்டார். நேற்று மதியம்... புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கம், டீக்கடைக்கு எதிரே, பட்டப்பகலில்.

மாரடைப்பு. இது டாக்டர் சொன்னது. "தண்ணியப் போட்டுட்டு விழுந்துட்டாராம்" என்பது நம் ஊர் வாட்ஸ்அப் குரூப் சொன்னது.

முக்கால் மணி நேரம் கிடந்திருக்கிறார். எல்லோரும் சுற்றிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். ஒரு புண்ணியவான் தாண்டியே போயிருக்கிறார்.

"ஏண்ணே, ஒருத்தர் கூடவா தூக்கல?" என்று டீக்கடைக்காரரிடம் கத்தினேன்.

"இல்லங்க... நம்ம வெல்டரு வழக்கம்போல ஃபுல்லுன்னு நெனச்சுட்டோம். நீங்கதானே எழுதியிருந்தீங்க? படிச்சுட்டு எப்புடிச் சிரிச்சோம்!"

ஆமாம். எழுதியது நான்தான்.

என்னிடம் ஒரு பைக் இருப்பது உங்களுக்குத் தெரியும். இரண்டாம் உலகப் போர்க்காலத்து ராணுவ வண்டி. நாற்பதுகளில் ஏலத்துக்கு வந்து, பல கை மாறி, அன்னவாசலில் ஒரு பழைய இரும்புக் கடையில் கோழிகள் அடையும் இடமாக இருந்தபோது நான் போய் மீட்டு வந்தேன். கோழிகளிடமே விட்டிருக்கலாம் என்பது என் மனைவியின் கருத்து.

வண்டி சாய்ந்தால் இன்ஜினுக்கு அடிபடாமல் காக்கும் இன்ஜின் கார்டு, அந்த வண்டிக்கு எந்தக் கடையில் கிடைக்கும்? சேகரண்ணன்தான் பைப்பை வளைத்து, கிளாம்ப் செய்து, ஃபிரேமில் ஒரு துளைகூடப் போடாமல் மாட்டினார். "கெழட்டு எலும்பு தம்பி... இதுல போயி ட்ரில்லு போட்டா பாவம் புடிக்கும்."

மூன்று நாள் வேலை. திருமயம் ரோட்டில் அவர் பட்டறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஊர் வம்பெல்லாம் பேசி, அவர் வேலையைக் கெடுத்தேன்.

எமரி பேப்பர் போட்டுத் தேய்த்தார். ரெட் ஆக்சைடு அடித்தார். காயவிட்டு மறுபடியும் தேய்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "கறுப்ப அடிச்சு விடுங்கண்ணே, இம்புட்டையும் யாரு பாக்கப் போறா?"

"துரு பாக்கும்ல."

கடைசியாகப் பெயிண்ட் அடித்து மாட்டி முடித்ததும் தள்ளி நின்று பார்த்தேன். கார்டு கோணல். வலது பக்கம் மட்டும் இரண்டு விரற்கடை வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அவர் கண்களோ மிளகாய்ப் பழம்.

"என்னண்ணே, இங்கிட்டு இழுத்துக்கிட்டு நிக்குது?" பட்டறையில் நாலு பேர் இருந்தார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என் கண்ணு சரியில்ல தம்பி. அப்புடியே ஓட்டுங்க, சரியாப் போகும்."

வீட்டுக்கு வந்ததும் ஃபேஸ்புக்கில் எழுதினேன். குவார்ட்டருக்கு ஒரு விரற்கடை என்ற கணக்கில் நம் வெல்டர் கார்டு மாட்டுகிறார், எனக்கு இரண்டு விரற்கடை விழுந்திருக்கிறது என்று. நான் எழுதியதிலேயே நீங்கள் அதிகம் சிரித்தது அதற்குத்தான். பட்டறையைக் கடந்து போகிறவர்களெல்லாம் "என்ன வெல்டரே, இன்னைக்கி எத்தன வெரக்கடை?" என்று கேட்டிருக்கிறார்கள். அவரும் சிரித்துவைத்திருக்கிறார்.

வெல்டிங் வெளிச்சம் பட்டால் கண் அப்படித்தான் சிவக்கும். எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் ஜோக் நன்றாக இருந்தது...

ஆறு மாதம் கழித்து, கோணலை நிமிர்த்தித் தரச் சொல்லிப் போனேன். பட்டறையில் வேறு யாரும் இல்லை. அப்படியும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தம்பி, ஒங்களுக்குச் சின்ன வயசுல வலது கால் ஒடிஞ்சு கோணலாக் கூடியிருக்கோ? பிரேக்க மிதிக்கையில பாதம் அங்கிட்டு விரியுது. பைப்ப நேரா வச்சா ஒங்க வெரல்ல இடிக்கும். அதான் தள்ளி வச்சேன். அன்னைக்கி நாலு பேரு நின்னாக... அவுக முன்னாடி எப்புடிச் சொல்றது?"

இத்தனை வருஷம் ஷூ போட்டு மறைத்த கால். என் காலைக் காட்டிக்கொடுக்காமல் தன் கண்ணைக் குறை சொல்லியிருக்கிறார் மனிதர்.

நான் என்ன செய்தேன்? ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

தப்பாக எழுதிவிட்டேன் என்று ஒரு வரி போட்டிருக்கலாம். போட்டால் கால் விஷயம் வெளியே வரும். விட்டுவிட்டேன். வருஷா வருஷம் ஃபேஸ்புக் அந்தப் பதிவை எடுத்துக் காட்டும். வெட்கமே இல்லாமல் மறுபடியும் ஷேர் செய்தேன். இரண்டு முறை.

நேற்று ஜி.ஹெச். வாசலில் அவர் மனைவி, வருகிறவர்கள் ஒவ்வொருவரையும் நிறுத்தி, "எம் புருசன் குடிக்க மாட்டாருங்க... சத்தியமாக் குடிக்க மாட்டாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அக்காவுக்கு அழக்கூட நேரம் கொடுக்கவில்லை நாம்.

வாட்ஸ்அப்பில் குடியின் தீமை பற்றி உபதேசம் செய்துகொண்டிருக்கும் கனவான்களே, அவர் டீயைத் தவிர எதையும் தொட்டதில்லை. தாண்டிப் போன புண்ணியவானே, நீங்களும் படியுங்கள். உங்களைத் திட்ட நிறைய வார்த்தை வைத்திருந்தேன். எல்லாமே எனக்கும் பொருந்துகிறது.

அந்தப் பதிவை அழித்துவிட்டேன். ஸ்கிரீன்ஷாட் வைத்திருப்பவர்கள் இதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கார்டு சரியாகத்தான் இருக்கிறது. கோணல் என் கால்.

இன்று நான்கு மணிக்கு எடுக்கிறார்கள். வருகிறவர்கள் அந்த அக்கா வாயைத் திறப்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள், அவர் குடிக்கவில்லை என்று.

சேகரண்ணே... சுடுகாடு வரைக்கும் நடந்தே வாரேன். செருப்பில்லாமல். நாலு பேர் பார்க்கட்டும்.