வாத்துப் பெட்டியின் சென்சார்

தையல் மெஷின் பழுது பார்ப்பவரை உறவு முழுக்க மெஷின்காரர் என்றே கூப்பிடும். அவருடைய அப்பாவுக்கு இரண்டு தாரம். மூத்தவளுக்கு மூன்று பெண்கள், இளையவளுக்கு இவரும் ஒரு தங்கையும். அக்காமார் மூவரும் கல்யாணமாகிப் போன திசையிலேயே தங்கிவிட, பக்கத்தில் மிஞ்சியது இந்தத் தங்கை மட்டும்தான். அவளையும் புருஷன் பாதியில் விட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு வாத்து வளர்த்துத்தான் தலை நிமிர்ந்தாள். வாத்துக்காரி என்று யாராவது கேலி பேசினால், "ஆமா, உங்க வீட்டுக்கு முட்டை வேணுமா, வேணாமா?" என்று வாயை அடைத்துவிடுவாள்.

அந்த வாத்துகள் நோய் கண்டு ஒரே வாரத்தில் கூண்டோடு போயின. நோய்க்கு முன்னால் எடுத்து வைத்த முட்டைகள்தான் தப்பின. துணி சுற்றிய கூடையில் கொண்டுவந்து அண்ணன் வீட்டில் இறக்கினாள்.

"இதை விட்டா எனக்கு வேற ஒண்ணும் இல்லண்ணா. எப்படியாவது பொரிச்சுக் குடு. இல்லேன்னா நான் வீட்டைப் பூட்டிட்டு எங்கயாவது கண்காணாமப் போகவேண்டியதுதான்."

மெஷின்காரர் ஓடாத ஃப்ரிட்ஜ் ஒன்றுக்குள் நாலு பல்பு, சின்ன விசிறி, தண்ணீர்த் தட்டு எல்லாம் வைத்து அடைகாக்கும் பெட்டி செய்தார். உள்ளே சூட்டைப் பார்க்க ஒரு சென்சார். அரிசி மணியளவு தலை, இரண்டு மெல்லிய ஒயர், அவ்வளவுதான். சூடு முப்பத்தேழரை டிகிரியைத் தொட்டால் பல்பு அணையும், இறங்கினால் எரியும். வெளியே சிவப்பு எண்ணில் காட்டும். இருபத்தெட்டு நாளில் குஞ்சு வரவேண்டும். பத்தாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்து ஆறு கூமுட்டைகளை ஒதுக்கினார்கள். மீதி ஐம்பத்தெட்டிலும் நரம்பு ஓடியிருந்தது. தங்கை அன்றைக்கு அண்ணன் வீட்டில் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

இருபதாம் நாள் காலையில் சிவப்பு எண் பித்துப் பிடித்ததுபோல் தாவியது. எண்பது என்றது, பூஜ்யம் என்றது. பல்பு எரியவில்லை. எலெக்ட்ரிக் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"புது சென்சார் வர நாலு நாள் ஆகும்."

"நாலு நாள் முட்டை தாங்குமா?"

"நான் பல்பு விக்கிறவன். அதை வாத்துகிட்டதான் கேக்கணும்."

எப்போதோ ஸ்பீக்கர் ஒயர் ஒட்ட வாங்கிய சால்டரிங் அயர்ன் பரணில் கிடந்தது. எடுத்துச் சூடு பண்ணினார். தண்ணீர்த் தட்டின் ஈரம் பட்டு ஒயர் பச்சையாகக் களிம்பு ஏறி இணைப்பு விட்டுப்போயிருந்தது. பிளேடால் சுரண்டினார். சுரண்டியது போதவில்லை. ஈயம் உருண்டையாகத் திரண்டு ஒயர்மேல் உட்கார்ந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை. நன்றாகப் பிடித்த ஈயம் பளபளக்கும்; இது சாம்பல் பூத்துக் கிடந்தது. அவர் கண்ணுக்கும் அது தெரிந்தது. முட்டை ஆறிக்கொண்டிருக்கிறதே என்ற பதைப்பில் டேப்பைச் சுற்றிவிட்டார்.

சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வீட்டில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர்கூட இல்லை. மனுஷ உடம்புச் சூடு எல்லாருக்கும் ஒன்றுதானே என்று யோசித்தார். ஒயர் குட்டை, பெட்டியோ தரையில். அவருக்கு இடுப்புப் பிடிப்பு. பெண்சாதியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சென்சாரை அவள் அக்குளில் செருகினார்.

"என்னங்க, என்னையும் அடை வைக்கப் போறீங்களா?"

"பேசாம கையை இறுக்கிக்க. அசையாதே."

எண் மெல்ல ஏறி முப்பத்தேழில் நின்றது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, கணக்கா மனுஷ உடம்பு."

அவளுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். பிரசவ வலியையே கடைசி நேரத்தில் சொன்ன பெண் அவள்; காய்ச்சலையா சொல்வாள்? சொன்னால் முட்டையைப் போட்டுவிட்டுத் தன்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு அலைவார் என்று மூச்சு விடவில்லை. முப்பத்தேழு என்றால் கூடுதலா குறைச்சலா என்பதும் அவளுக்குத் தெரியாது. உடம்பில் இருந்தது முப்பத்தொன்பது. சரியாகப் பிடிக்காத ஈயம் இரண்டைத் தின்றுவிட்டு மீதியைக் காட்டியது.

அன்றிலிருந்து சிவப்பு எண் முப்பத்தேழரையை விட்டு நகரவில்லை. உள்ளே நாற்பதை ஒட்டிய சூடு. மறுநாள் தங்கை வந்து டார்ச் அடித்தாள். உள்ளே குஞ்சு துள்ளியது. "எங்கண்ணன் கை பட்டா செத்த மெஷினும் ஓடும் அண்ணி" என்று சிரித்துவிட்டுப் போனாள். நாலாம் நாள் கடைக்காரர் கூப்பிட்டார்.

"சென்சார் வந்திருச்சு. குடுத்தனுப்பட்டுமா?"

"நம்ம வேலையே நல்லா ஓடுது. இருக்கட்டும் வைங்க."

இருபத்தாறாம் நாள் காதை வைத்துக் கேட்டார். முட்டைக்குள் கீச்சென்று ஒரு சத்தம் வரவேண்டிய நேரம் அது. ஒன்றிலும் இல்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டே கடைக்கு நடந்து புது சென்சாரை வாங்கி வந்து மாட்டினார். கதவை மூடியதும் அது முப்பத்தொன்பதரை என்றது. ஒரு முட்டையை உடைத்துப் பார்த்தார். இறகு முளைத்து, அலகு வைத்து, முழுசாக இருந்தது. செத்து நாலைந்து நாள் இருக்கும்.

பெண்சாதி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அன்னைக்கு எனக்கு உடம்பு சுட்டுதுங்க. நான் சொல்லல."

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். ஈயம் சாம்பல் பூத்திருந்ததைப் பார்த்தும் டேப் சுற்றியது யார்?

சாயங்காலம் தங்கை வைக்கோல் பரப்பிய புதுக் கூடையோடு வந்தாள்.

"எல்லாம் போச்சும்மா. ஈயம் சரியாப் பிடிக்கல. என் கைதான் காரணம்."

"இல்ல, நான்தான்..." என்று ஆரம்பித்த பெண்சாதியை, "நீ உள்ள போ" என்றார்.

தங்கை கூடையைக் கீழே வைத்தாள். பெட்டியின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்து முதல் முட்டையை எடுத்துக் காதில் வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்துவிட்டுக் கீழே வைத்து, அடுத்ததை எடுத்தாள்.

"கேக்காதும்மா."

"சும்மா இருண்ணா, நீ பேசினா எப்படிக் கேக்கும்?"

சுவிட்சை அவர் முன்பே அணைத்திருந்ததால் பல்பு எரியவில்லை. முட்டைகள் ஆறத் தொடங்கின. இன்னும் ஐம்பதுக்குமேல் இருந்தன. அவளிடமிருந்து வாங்கி வைக்கவும் அவருக்குக் கை நீளவில்லை, எழுந்து போகவும் இடுப்பு விடவில்லை.