ஐயோ என்றால் ஓம்

ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் அந்தக் கிழவரைப் பராமரிக்கப் போன முதல் நாள் காலை, நித்திரை வந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். “ஐயோ” என்றார். முழங்கால் நோகிறதா? “ஐயோ.” தேநீர் போடட்டுமா என்றதற்கும் அதே ஐயோதான். தேநீருக்கு ஒப்பாரி வைக்கும் மனிதரை என் ஐம்பத்தாறு வயதில் நான் கண்டதில்லை. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, எங்களை வீடு வீடாக அனுப்பும் அலுவலகத்துக்கு போன் எடுத்தேன். மறுமுனையில் இருந்த பிள்ளையும் யாழ்ப்பாணம்தான்.

“பயப்பிடாதேங்கோ அன்ரி, அவர் ஆர்மீனியன். அவையின்ரை பாசையிலை ஐயோ எண்டால் ஓம். மகள் சொன்னவ, நான்தான் உங்களுக்குச் சொல்ல மறந்திட்டன்.”

மறந்துவிட்டாளாம். நான் அம்புலன்ஸுக்கே அடித்திருப்பேன்.

கிழவருக்கு ஆங்கிலம் நன்றாக வரும். பிறகு ‘யெஸ்’ என்று சொன்னால் என்ன என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர்களுடைய மொழியில் ‘யெஸ்’ என்றால் ‘நான்’ என்று அர்த்தமாம். இந்த ஊரில் பாங்கிலும் பஸ்ஸிலும் எதைக் கேட்டாலும் யெஸ் சொல்ல வேண்டியிருக்கிறது, நாள் முழுக்க நான், நான் என்று பெருமையடிக்க என்னிடம் என்ன இருக்கிறது என்றார். சொல்லிவிட்டுப் பகிடி எடுபட்டதா என்று என் முகத்தைப் பார்த்தார். இவர் லேசுப்பட்ட ஆள் இல்லை என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் துணி போர்த்திய நான்கு பெட்டிகள் இருந்தன. இரண்டு மாதமாக அவற்றின் மேல்தான் மருந்துத் தட்டை வைத்து எடுத்தேன். உள்ளே இருந்தவை அவர் எழுதிய நாவல்கள் என்பது துணியைத் துவைக்க எடுத்த அன்றுதான் தெரிந்தது. ஒன்றை விரித்துப் பார்த்தேன். எழுத்துகள் உடுப்புக் கொழுவும் கம்பிகள் மாதிரி வளைந்து வளைந்து கிடந்தன.

பெய்ரூட்டில் பிறந்தவர். அங்கே போர் வர இங்கே வந்து, முப்பது வருடம் ஒரு சலவைக் கடையில் அயர்ன் பிடித்திருக்கிறார். கடைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் வசனம் எழுதி, தேவாலய மண்டபத்தில் தன் சனத்தை வைத்தே நாடகம் போட்டார். முதல் நாடகத்துக்குக் கதிரை போதவில்லையாம். கடைசி நாடகத்தில் மேடையில் நின்றவர்கள் கீழே இருந்தவர்களைவிட அதிகமாம். நாவல்களைத் தானே அச்சடித்து, காரில் ஏற்றிக்கொண்டு போய் வீடு வீடாகக் கொடுத்தார். வாங்கியவர்கள் முகத்துக்காக வாங்கினார்கள், வாசிக்கவில்லை. எங்கள் ஆட்களும் அப்படித்தான் என்றேன். ஆறுதலுக்குச் சொல்லவில்லை, உண்மை அதுதான்.

என் கதையைச் சொல்ல அதிகமில்லை. என் மனுசன் போய்ச் சேர்ந்து ஏழு வருடம். மகன் கல்கரியில். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். பேரன் “ஹாய் அப்பம்மா” என்பான், பிறகு “ஓகே பாய்” என்பான். இரண்டுக்கும் நடுவில் நான் தமிழில் கேட்பதெல்லாம் அவனுக்கு வெறும் சத்தம்தான். மற்ற நாட்களில் என்னோடு பேசுவது றேடியோ.

கிழவரிடம் இன்னும் மேடையேறாத ஒரு நாடகம் இருந்தது. ஒரு தகப்பனும் மகளும், வேறு யாரும் இல்லை. நடித்தவர்களில் பாதிப் பேர் செத்துப்போனார்கள், மண்டபத்தில் இப்போது யோகா வகுப்பு. மிசிசாகாவில் இருக்கும் மகளுக்கு அந்த மொழி காதுக்கு விளங்கும், கண்ணுக்கு விளங்காது. கடைசிக் காட்சியையாவது இன்னொருவர் வாயால் ஒருதரம் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் கிழவருடைய ஒரே ஆசை. தகப்பனின் வசனம் அவருக்கு மனப்பாடம். நாடகத்து மகளுக்கு அந்தக் காட்சியில் ஒரேயொரு சொல், பதினொரு முறை. எது என்று சொல்லத் தேவையில்லை. அந்த வேடத்துக்கு என்னைவிடப் பொருத்தமானவள் ஸ்காபரோவில் கிடைக்கமாட்டாள் என்றார்.

குளிப்பாட்டி, கோப்பி கொடுத்து, பத்து நிமிடம் ஒத்திகை. வேலைத் தாளில் ‘உரையாடல்’ என்று எழுதிவிடுவேன். அவர் ஏதோ கேட்பார், நான் “ஐயோ” என்பேன். உடனே சுட்டுவிரலை ஆட்டுவார். அழாதே, சம்மதி என்பார். நான் என்ன செய்ய? பிறந்த நாளிலிருந்து அந்தச் சொல்லுக்கு ஒரு ராகம்தான் என் தொண்டையில் இருக்கிறது. எவ்வளவு சிரித்துக்கொண்டு சொன்னாலும் செத்தவீட்டு வாசம் போகவில்லை. கேள்விகளின் அர்த்தத்தையும் அவர் சொல்லித் தரவில்லை. தெரிந்தால் நடிக்கத் தொடங்கிவிடுவாயாம்.

பங்குனி முடிய, மகள் அவரை மிசிசாகாவில் ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றுவதென்று முடிவானது. அவளைக் குறை சொல்லமாட்டேன். விமானநிலையத்தில் வேலை, இரண்டு பிள்ளைகள், ஒவ்வொரு முறையும் நெடுஞ்சாலையில் ஒன்றரை மணித்தியாலம். கடைசி வெள்ளிக்கிழமை அந்தக் காட்சியை முழுசாகச் சொல்லி முடிப்பது என்று கிழவரும் நானும் பேசிக்கொண்டோம். அன்று அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார்.

பத்துக் கேள்வி முடிந்தது. விரல் பத்து முறையும் ஆடியது. கடைசிக் கேள்வி நீளமானது. அதைக் கேட்கும்போது நான் அடுத்த கிழமை வேறொரு வீட்டுக்குப் போவதை நினைத்துவிட்டேன். “ஐயோ” என்றேன். இந்த முறை விரல் எழவில்லை.

திரும்பினால் கதவடியில் மகள், கையில் வெறும் பெட்டிகளோடு. எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. பெட்டிகளை வைத்துவிட்டு சமையலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பின்னால் போய், அப்பா கடைசியாக என்ன கேட்டார் என்றேன். சொன்னாள்.

நான் போன பிறகு, உன்னோடு உன் மொழியில் பேச ஒருவராவது இருப்பார்களா?

நாடகத்தில் தகப்பனின் மனம் நோகக்கூடாதென்று மகள் ஓம் என்று பொய் சொல்கிறாள். நான் அந்தப் பொய்யைச் சரியாகச் சொல்லவில்லை.

வைகாசியில் ஒருநாள் அவரைப் பார்க்கப் போனேன். கார் ஓடத் தெரியாதவளுக்கு மிசிசாகாவும் வெளிநாடுதான். மூன்று பஸ் மாறினேன். ஜன்னலோரம் இருத்தியிருந்தார்கள். நாவல் பெட்டிகளைக் காணவில்லை. தாதிப் பெண் வந்து தேநீர் வேண்டுமா என்று கேட்டாள். “யெஸ்” என்றார். குளிர்கிறதா? “யெஸ்.” பக்கத்தில் இருந்து, என்னைத் தெரிகிறதா என்று கேட்டேன். அதற்கும் “யெஸ்.”

ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், என் பக்கம் திரும்பி அந்த நீளமான கேள்வியைக் கேட்டார். ஒரு சொல்லும் பிசகவில்லை. அத்தனை காலை கேட்ட சத்தம், எனக்கு மறக்குமா? ஆனால் இந்த முறை அது நாடகமில்லை, என்னைத்தான் கேட்டார்.

“ஐயோ” என்றேன்.

அவர் விரலை ஆட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸுக்கு நேரமாகும் வரை அப்படியே இருந்தோம்.