மக்டலீனும் சீன டாங்கிகளும்

மக்டலீன் இருப்பது நோர்வேயில், ஒஸ்லோ நகரின் ஓரத்திலுள்ள வெஸ்ட்லியில். வெஸ்ட்லிக்குப் போகும் சுரங்க ரயிலை ஓட்டுவதும் அவள்தான். மன்னாரில் பிறந்தவள், வயது நாற்பத்து நான்கு. வேலை முடிந்து வந்ததும் தேநீரோடு கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, சீன இராணுவத்தின் டாங்கிகளைப் பற்றித் தமிழில் காணொளி செய்வாள். முகம் காட்டமாட்டாள், குரல் மட்டும்தான்.

"உமக்கென்ன விசரே? சமையல் வீடியோ போட்டாலாவது சனம் பாக்கும்" என்று மாதா கோயிலில் காணும் பெண்கள் கேட்பார்கள். அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

அந்தப் பைத்தியத்துக்கு ஒரு காரணம் இருந்தது. பதினேழு வயதில், போரினால் மடுப் பக்கம் இடம்பெயர்ந்திருந்தபோது, பற்றைக்குள் குப்புறக் கிடந்து இலங்கை இராணுவத்தின் டாங்கி ஒன்று வீதியால் போவதைப் பார்த்தாள். ரஷ்ய டாங்கி என்றார்கள் பக்கத்தில் கிடந்தவர்கள். ஒஸ்லோவுக்கு வந்து வெகுகாலம் கழித்து அதே வாகனத்தை ஒரு படத்தில் கண்டாள். சீனத்து டைப் 59 என்று கீழே போட்டிருந்தது. ரஷ்ய டாங்கியைப் பார்த்துச் சீனா செய்த பிரதி. கொல்ல வந்ததன் பெயரைக்கூடப் பிழையாகத்தான் தெரிந்து வைத்திருந்தோம் என்பது அவளை உறுத்தியது. அன்றைக்குத் தேடத் தொடங்கியவள்தான்.

பிரதி எடுத்த நாடு தன் சொந்த டாங்கிக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று அவள் கதையாகச் சொல்வாள். ஏராளமாகச் செய்து குவித்த டைப் 96. அதைவிடக் கனமும் விலையும் கூடிய டைப் 99. குண்டை இயந்திரமே ஏற்றிவிடுவதால் உள்ளே மூன்று பேர் போதும். திபெத்து மலைகளில் ஏற வசதியாக எடை குறைத்த டைப் 15. ஆனால் எதையும் அவள் முழுதாக நம்பியதில்லை.

"அணிவகுப்பிலை எல்லாம் வடிவாத்தான் ஓடும்" என்பாள். "வெளிநாட்டுக்கு வித்ததுகள் அங்கை இஞ்சை சண்டைக்குப் போயிருக்குது, ஓம். ஆனா சீன இராணுவம் இந்தப் புது டாங்கியளோட ஒரு பெரிய சண்டையும் பிடிக்கேல்லை. அப்ப இது எவ்வளவு திறமெண்டு ஆருக்குத் தெரியும்?"

பீரங்கி பொருத்திய கோபுரத்துக்குள் ஆளே இல்லாத புது டாங்கி ஒன்று பெய்ஜிங் அணிவகுப்பில் போன அந்தப் புரட்டாதியில், அவளுடைய காணொளியை வழமையைவிடக் கூடுதலானோர் பார்த்தார்கள். அவர்களில் ஒருவன் றஜீவ். கோயம்புத்தூர்க்காரன். பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒன்றுக்காக ஒஸ்லோவில் இருப்பதாக எழுதி, சந்திக்கலாமா என்று கேட்டான். வெஸ்ட்லிக்குப் பக்கத்திலுள்ள ஸ்டோவ்னர் கடைத்தொகுதியில் கோப்பி குடித்தார்கள்.

"மேடம், உங்க டைப் 99 வீடியோ சூப்பர். இவ்ளோ டீட்டெயிலா தமிழ்ல யாருமே பண்ணல."

இதையெல்லாம் வாய்விட்டுக் கதைக்க அவளுக்கு ஓர் ஆள் கிடைத்தது அதுதான் முதல் தடவை. பிறகும் சந்தித்தார்கள். உக்ரைனில் மலிவான ட்ரோன்கள் டாங்கிகளை எரிப்பதைப் பார்த்தால் டாங்கியின் காலமே முடிந்துவிட்டது என்றான் அவன். முடியவில்லை, ஆட்களைக் காப்பாற்றத்தான் சீனர்கள் அவர்களைக் கோபுரத்திலிருந்து கீழே இறக்கியிருக்கிறார்கள் என்று அவள் வாதாடினாள். வீடு திரும்பும்போது மனம் இலேசாக இருந்தது.

குளிர் தொடங்கிய ஒரு நாள் அவன் சொன்னான்: "டைப் 15 மலைக் குளிர்ல எப்படி ஸ்டார்ட் ஆகும்னு ஒரு ரிப்போர்ட் பண்றோம். கம்பேர் பண்ண நார்வே டாங்க் டீட்டெயில்ஸ் வேணும். உங்க தம்பி ஆர்மி ஒர்க்‌ஷாப்லதானே இருக்கார்?"

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். தம்பி யூலியன் நோர்வேயின் வடக்கே ஓர் இராணுவ முகாமில் டாங்கி திருத்துபவன்.

"ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"நீங்கதான் மேடம். போன தடவை."

அவள் சொல்லவில்லை. சொன்னேனா? ரயில் ஓட்டும்போதெல்லாம் பழைய பேச்சுகளைக் கிளறிப் பார்த்தாள். கடைசியில் தன் காணொளிகளையே ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டாள். டைப் 15 பற்றியதில் அவளுடைய குரல் உற்சாகமாகச் சொன்னது: "எங்கட வீட்டு ஆள் ஒருத்தரும் வடக்கை டாங்கி திருத்திறவர். குளிருக்கு பற்றறிதான் முதல் சாகுமெண்டு சொல்லுவார்."

அவள் அந்த இடத்தைத் திரும்பவும் போட்டுக் கேட்டாள். ஆனால் அதிலும் தம்பி என்ற சொல் இல்லை. அப்படியென்றால் அவன் வேறு யாரிடமோ விசாரித்திருக்கிறான். அந்த ஞாயிறு பூசையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சுகம் விசாரித்தவர்களுக்குக்கூடச் சரியாகப் பதில் சொல்லவில்லை.

யூலியனுக்கு அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"அக்கா, என்ர வேலையை வீடியோவிலை கதைச்சனியோ?"

"உன்ர பேர் சொல்லேல்லையடா."

"இஞ்சை ஆயிரம் தமிழரே டாங்கி திருத்தினம்? நான் மேலிடத்துக்குச் சொல்லத்தான் வேணும். நீ பொலிசுக்குப் போ."

போனாள். பாதுகாப்புப் பொலிசில் அவளோடு பேசிய பெண் அதிகாரி மரியாதையானவள். றஜீவைப் பற்றிக் கொஞ்சமாகக் கேட்டாள். மக்டலீனைப் பற்றித்தான் நிறையக் கேட்டாள். ரயில் ஓட்டும் ஒருத்திக்குச் சீன டாங்கிகள் ஏன்? மக்டலீன் மடுவையும் பற்றையையும் சொன்னாள். அதிகாரி தலையாட்டினாள். நம்பினாளா என்று முகத்தில் தெரியவில்லை. றஜீவ் யார் என்று கேட்டதற்கு, "அதை நாங்கள் சொல்ல முடியாது" என்றாள்.

அதற்குள் றஜீவின் தொலைபேசி இயங்காமல் போயிருந்தது. அவன் சொன்ன நிறுவனத்தின் இணையப்பக்கமும் இல்லை. உளவாளியாகவும் இருக்கலாம், பயந்து ஓடிய வெறும் ஆர்வக்காரனாகவும் இருக்கலாம். டைப் 15 காணொளியை அவள் அழித்தாள். மற்றவற்றை அழிக்க மனம் வரவில்லை.

விசாரணை முடியும்வரை யூலியனை டாங்கிகளிலிருந்து எடுத்து லொறிகளுக்கு மாற்றினார்கள். அவன் அழைப்பதை நிறுத்தினான். நத்தார்ப் பண்டிகைக்கும் வரவில்லை. அவள் அனுப்பிய செய்திகளைப் பார்த்ததற்கு அடையாளம் மட்டும் வந்தது.

ஈஸ்ரருக்கு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் தட்டினான். மீன் குழம்பும் புட்டும் வைத்துக் கொடுத்தாள். பனியைப் பற்றியும் ரயில் தாமதங்களைப் பற்றியும் பேசினார்கள். இரண்டாந்தரம் குழம்பை ஊற்றும்போது, பழக்கத்தில் அவள் வாய் தவறிவிட்டது.

"இப்ப உன்னை எங்கை விட்டிருக்கினம்? திரும்ப டாங்கிக்கோ?"

யூலியன் சாப்பிடுவதை நிறுத்தி அவளைப் பார்த்தான். கோபமில்லை. அளந்து பார்ப்பது போன்ற பார்வை.

"வேலையிலை" என்றான்.

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் புட்டை அவன் தட்டில் வைத்தாள்.