இரண்டு பாம்புகள் இருந்த பக்கம்

1968 மே மாதம் இஞ்ஞாசியம்மாள் டீச்சர் ஓய்வு பெற்றபோது, எரியோட்டுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். மைக்செட், ரோஜா மாலை, கலர் பாட்டில், ஆளுக்கொரு பேச்சு. ஒருவர் ஆயிரம் பிள்ளைகளுக்குத் தாய் என்றார். இன்னொருவர் அணையா விளக்கு என்றார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அந்த அம்மாளின் முப்பத்தோரு வருஷ வேலையில் பேச வேண்டிய வருஷம் ஒன்றே ஒன்றுதான். அதைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நான் ஜெயமேரி, பதினாறு வருஷம் அவருக்குப் பக்கத்து வகுப்பில் வேலை பார்த்தவள். அவர்கள் விழுங்கியதை நான் சொல்லிவிடுகிறேன்.

அவருக்குச் சொந்த ஊர் திண்டுக்கல். நாகல் நகரில் அக்கா வீடு இருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களை ஒரு பார்வை பார்ப்பார், அதற்குப் பிறகு யாரும் கேட்கமாட்டார்கள். எங்கள் ஊரில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்து, காலையில் கஞ்சி, மத்தியானம் அதே கஞ்சி என்று காலத்தை ஓட்டினார். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் என்று ஒன்றை அவர் தட்டில் நான் பார்த்தது ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும்தான். கோபக்காரர். கணக்குத் தப்பினால் காதைத் திருகுவார். ஆனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் வேறு ஆளாக இருப்பார். அன்றைக்குத்தான் பிராணிப் பாடம்.

பாடப் புத்தகத்தில் பிராணிகளுக்கென்று இருந்தது ஒன்றரைப் பக்கம். அதிலிருந்த படங்கள் கரிச்சட்டியைத் தேய்த்த மாதிரி இருக்கும், மாடா குதிரையா என்று பிள்ளைகள் பந்தயம் கட்டுவார்கள். இதை வைத்துக்கொண்டு ஒட்டகத்தைப் பற்றி என்னத்தைச் சொல்வது என்று டீச்சர் புலம்புவார். கடைசியில் தாமே புத்தகம் செய்ய ஆரம்பித்தார். திண்டுக்கல்லில் ஒரு கன்னியர் மடத்தில் வெளிநாட்டுச் சிறுவர் புத்தகங்கள் சில இருந்தன, எல்லாம் இங்கிலீஷ். அங்கிருந்த சிஸ்டர் ஒருவர் எனக்குத் தூரத்து உறவு. ஒரு வாரத்தவணைக்கு ஒரு புத்தகம் என்று நான்தான் கேட்டு வாங்கி வருவேன்.

ஒட்டகத்துக்கு ஏன் இரட்டை வரிசை இமைமயிர், வாத்துக்கு ஏன் விரல்களுக்கு நடுவே தோல், பல்லி ஏன் வாலை விட்டுவிட்டு ஓடுகிறது, குளம் வற்றினால் தவளை எங்கே போகிறது என்று ஒவ்வொன்றையும் தமிழில் நாலு நாலு வரியாக எழுதுவார். படம் வரைய அவருக்கு வராது. அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். மெல்லிய தாளில் தேங்காய் எண்ணெய் தடவிக் காயவைத்தால் கண்ணாடி போல ஆகிவிடும். அதைப் படத்தின்மேல் வைத்து, மைப் பென்சிலால் அழுத்தமாகக் கோடிழுத்து, பிறகு அந்தத் தாளைக் குப்புறக் கவிழ்த்து நோட்டின்மேல் போட்டுக் கரண்டிக் காம்பால் தேய்ப்பார். படம் அப்படியே நோட்டில் இறங்கிவிடும். ஒட்டகம் மட்டும் புத்தகத்தில் கிழக்கே பார்த்தால் நோட்டில் மேற்கே பார்க்கும். அதனால் என்ன, ஒட்டகம் எந்தப் பக்கம் பார்த்தால் யாருக்கு என்ன நட்டம் என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம். தாள் நகராமல் ஓரத்தைப் பிடித்துக்கொள்வது என் வேலை.

இப்படிப் பதினோரு நோட்டுகள் சேர்ந்தன. பிள்ளைகள் அடித்துக்கொண்டு படித்தார்கள். வீட்டில் போய் அம்மா அப்பாவுக்குப் படித்துக் காட்டினார்கள். எழுத்தே தெரியாத வீடுகளில் அந்த நோட்டுகள் சாமி படத்துக்குக் கீழே இருந்ததை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். டீச்சர் எழுதிய புத்தகத்தில் இருக்கிறது என்றால் அந்த ஊரில் அதற்குமேல் பேச்சில்லை. எங்களுக்கு அது பெருமையாக இருந்தது, பயப்பட்டிருக்க வேண்டும்.

1957-ல் பன்னிரண்டாவது நோட்டு. விஷமில்லாத பிராணிகள் விஷமுள்ளவற்றைப் போல வேஷம் போட்டுப் பிழைத்துக்கொள்வது பற்றியது. அதில் ஒரு பக்கத்தில் இரண்டு பாம்புகள். இடப்பக்கம் கட்டுவிரியன், வலப்பக்கம் அதைப் போலவே உடம்பில் வளையம் வளையமாகக் கொண்ட ஒரு சாதுப் பாம்பு. கட்டுவிரியனுக்குத் தலையை ஒட்டி வளையம் இருக்காது, வால் பக்கம் போகப் போகப் பளிச்சென்று தெரியும். சாதுப் பாம்புக்குக் கழுத்திலேயே ஆரம்பித்து வால் பக்கம் மங்கிவிடும். டீச்சர் எண்ணெய்த்தாளை வைத்துக் கோடிழுத்தார். கவிழ்த்துப் போட்டுத் தேய்த்தார். நான் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். இடது பாம்பு வலப்பக்கம் போனது, வலது பாம்பு இடப்பக்கம் வந்தது. பெயர்களை மட்டும் அசல் புத்தகத்தைப் பார்த்து, இருந்த வரிசைப்படியே இடமும் வலமும் எழுதினார். ஒற்றைப் பிராணி இருந்த பக்கங்களில் ஒரு குறையும் வராத வேலை, இரண்டு இருந்த ஒரே பக்கத்தில் குடியைக் கெடுத்தது. எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் அது படவில்லை.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு, தம் நோட்டுப் படத்தைப் பார்த்தே ஒரு பாட்டுக் கட்டினார்:

கழுத்தைச் சுற்றி வளையம் கண்டால்
காத தூரம் ஓடு!
வாலில் மட்டும் வளையம் கண்டால்
வழியை விட்டுக் கொடு!

எந்தப் பாம்பையும் தொடாதே என்றுதான் சொல்லிக்கொடுத்தார், அதை நான் சத்தியமாகச் சொல்வேன். ஆனால் ஒன்றைப் பார்த்து ஓடு, மற்றதற்கு வழிவிடு என்றால் எட்டு வயதுப் பிள்ளைக்கு அது எப்படிக் கேட்கும்?

மூன்றாம் வகுப்பில் பொன்னழகு என்று ஒரு பெண். தகப்பன் இல்லை. தாய் பேச்சாயி வெங்காயக் காட்டில் களை எடுத்தும், கடலைக் காட்டில் காய் பறித்தும் அவளை வளர்த்தாள். கருவண்டு மாதிரி கண், ஓயாத வாய். குளத்தில் என்ன கிடைத்தாலும் டீச்சருக்குக் கொண்டுவந்து காட்டுவாள். ஐப்பசி மழை விட்ட ஒரு திங்கட்கிழமை, ஓலையால் வாய் மூடிய ஒரு சின்னக் கலயத்தோடு பள்ளிக்கு வந்தாள். ஆனால் கலயம் காலி. சோளத்தட்டை அடுக்கிய படப்புக்கு அடியில் ஒரு வளையப் பாம்பு சுருண்டு கிடந்ததாம், குச்சியால் தள்ளிக் கலயத்தில் போட்டுக்கொண்டு வந்தாளாம், வழியில் உயிரோடிருக்கிறதா என்று கைவிட்டுப் பார்த்தபோது நழுவி ஓடிவிட்டதாம். டீச்சருக்குக் காட்ட முடியவில்லையே என்று அழாத குறை.

எந்தப் பாம்பு என்று டீச்சர் கேட்டார். வாலில் வளையம் உள்ளது, சாதுதான், பார்த்துத்தான் எடுத்தேன் என்றாள். கலயத்தில் கைவிட்டதற்கு டீச்சர் தலையில் ஒரு குட்டு வைத்தார். அடையாளம் சரியாகச் சொன்னதற்குக் கெட்டிக்காரி என்று கன்னத்தில் தட்டினார். விரலில் ஒரு பொட்டு மாதிரி இருந்தது. எறும்பு கடித்தது போல இருந்ததாகப் பொன்னழகு சொன்னாள். வீக்கம் இல்லை, ரத்தம் இல்லை. கட்டுவிரியன் கடி அப்படித்தான் இருக்கும் என்று எங்களுக்கு அன்றைக்குத் தெரியாது.

பதினோரு மணிக்கு வயிறு வலிக்கிறது என்றாள். காலையில் என்ன தின்றாய் என்று கேட்டு, ஓரமாகச் சாய்ந்துகொள்ளச் சொன்னார். பன்னிரண்டு மணிக்கு வாய்ப்பாடு சொல்லும்போது அவள் கண் சொருகியது. வகுப்பில் தூங்குகிறாயா என்று டீச்சர் அதட்டினார். அந்த அதட்டல் சுவர் தாண்டி என் வகுப்புக்குக் கேட்டது. பொன்னழகு கண்ணைத் திறக்கப் பார்த்தாள், இமை தூக்க வரவில்லை. பேச்சும் குழறியது. அப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது. பஸ் வரக் காத்திராமல் ஒரு வெங்காய லாரியை மறித்து ஏறினோம். டீச்சர் மடியில்தான் அவள் கிடந்தாள். திண்டுக்கல் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது மூச்சு இல்லை. அங்கிருந்த கம்பவுண்டர் பாம்பின் அடையாளத்தைக் கேட்டார். வாலில் வளையம் என்று டீச்சர் சொன்னார். அப்படியானால் கட்டுவிரியன்தான் என்றார் அவர்.

டீச்சர் அழவில்லை. மறுநாள் அடக்கம் முடிந்ததும் நேரே மடத்துக்குப் போய், அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, தம் நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திரும்பி வந்து என்னிடம் இரண்டையும் காட்டினார். நான் முதலில் சொன்னது என்ன தெரியுமா? யாரிடமும் சொல்லாதீர்கள் என்றேன். நானும் தாளைப் பிடித்தவள் என்ற பயம். இதைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஹெட்மாஸ்டர் கிறிஸ்துராஜும் அதையேதான் சொன்னார். ஊரில் பெண் பிள்ளைகளை அனுப்புவதே பெரும்பாடு, பள்ளிக்கூடப் புத்தகம்தான் பிள்ளையைக் கொன்றது என்று தெரிந்தால் ஒரு பிள்ளையும் வராது, நோட்டை எரித்துவிட்டுப் பாட்டை நிறுத்திவிடுங்கள், தானாக மறந்துவிடுவார்கள் என்றார். நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷர்கள் சொல்லும் யோசனைதான் சில நேரம் இப்படி இருக்கும்.

டீச்சர் அதையும் செய்து பார்த்தார். புதன்கிழமை வகுப்பில், அந்தப் பாட்டுத் தப்பு, இனி யாரும் பாடக் கூடாது என்றார். சரி டீச்சர் என்றார்கள். இடைவேளையில் ஐந்து பெண்கள் கயிறு தாண்டிக்கொண்டே அதைத்தான் பாடினார்கள். பக்கத்து ஊர்ப் பிள்ளைகளும் கற்றுக்கொண்டு போயிருந்தார்கள். மீதி முப்பத்து மூன்று பிள்ளைகள், முப்பத்து மூன்று வீட்டுப் படப்பு, மழைக்காலம் முடிய இன்னும் ஒரு மாதம். அடுத்து எந்தப் பிள்ளை என்று டீச்சர் என்னைக் கேட்டார். அந்தப் பாட்டுத்தான் பொன்னழகைக் கொன்றது என்று சொன்னாலொழிய அது அந்தத் தலைகளைவிட்டுப் போகாது, அதைப் பிள்ளைகளிடம் சொல்வதற்கு முன்னால் பெற்றவளிடம் சொல்ல வேண்டும் என்றார். வேலை போனால் போகட்டும், அடித்தால் அடிக்கட்டும் என்றார். நானும் கூடப் போனேன்.

பேச்சாயி வீட்டுக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். டீச்சர் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து நோட்டை விரித்து, எண்ணெய்த்தாள் முதல் பாட்டு வரை ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார். "எம் புத்தகம்தான் உன் புள்ளையக் கொன்னுச்சு, பேச்சாயி. நான்தான்" என்றார். பேச்சாயி அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நான் நினைத்தேன்.

"எனக்குத் தெரியும் டீச்சரம்மா" என்றாள். "காலையில கலயத்துல எட்டிப் பாத்தேன். இருவது வருசமா காட்டுல கெடக்குறவ, விரியன் எதுன்னு தெரியாதா எனக்கு? விரியன்டி, கீழ போடுன்னேன். இல்லாத்தா, புத்தகத்துல இது சாதுப் பாம்புன்னு போட்டுருக்கு, உனக்குப் படிக்கத் தெரியாதுன்னா. அம்புட்டுப் படிச்சவுக எழுதுனது தப்பா இருக்குமா, நமக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சோன்னு, நானே ஓலையக் கிழிச்சுக் கலயத்தை மூடிக் கொடுத்தேன்."

அப்போதுதான் டீச்சர் அழுதார். நான் அப்படி ஒரு அழுகையை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஒரு பிள்ளையை மட்டுமல்ல, அந்தத் தாய்க்குத் தெரிந்திருந்ததையும் சேர்த்துப் பிடுங்கியிருக்கிறோம் என்று எனக்கு உறைத்தது. வெகுநேரம் கழித்து, வகுப்புக்கு வந்து பிள்ளைகளுக்கு எது விரியன் என்று நீயே சொல்ல வேண்டும் என்று டீச்சர் அவளைக் கேட்டார். பேச்சாயி நோட்டை மூடி அவரிடம் நீட்டினாள்.

ஆனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தாள். உள்ளே கூப்பிட்டும் வராமல் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள். டீச்சர் முதலில் எழுந்து, தாம் செய்த தப்பையும் அதனால் பொன்னழகு செத்ததையும் சொன்னார். பிறகு பேச்சாயி, முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, விரியனுக்கு வளையம் வால் பக்கம்தான் பளிச்சென்று இருக்கும், ஆனால் வளையம் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், எந்தப் பாம்பைக் கண்டாலும் தள்ளிப் போங்கள், பெரியவர்களைக் கூப்பிடுங்கள் என்று திக்கித் திக்கிச் சொன்னாள். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு வந்து சொன்னாள்.

அவள் சொல்லி முடித்ததும் முப்பத்து மூன்று பிள்ளைகளும் அவளைவிட்டு டீச்சர் பக்கம் திரும்பி, அந்தம்மா சொல்வது சரிதானா என்று அவர் முகத்தைப் பார்த்தார்கள்.