கட்டை விரல் பிடித்த பொய்

கட்டை விரலில்தான் ஆரம்பித்தது. பெரியநாயக்கன்பாளையத்தில் என் லேத் பட்டறையில், கடைந்து முடித்த புஷ்ஷை (மோட்டார் பம்புக்குள் போடும் பித்தளை வளையம்) வழக்கம்போல் தடவிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. என் விரல் பார்க்காமல் ஒரு சரக்கும் வெளியே போனதில்லை. மரத்துப்போயிருக்கும் என்று கையை உதறினேன். சற்று நேரத்தில் வலப்பக்கமாகச் சரிந்து கீழே கிடந்தேன்.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு) என்றார் டாக்டர். உயிர் தப்பியது. வலது கைக்கு அவர் உறுதி சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். பயிற்சி சொல்லித்தர வந்தவரிடம் எரிந்து விழுந்தேன். அப்போது என் மனைவி சாந்தாமணி ஒரு புஷ்ஷைக் கொண்டுவந்து உள்ளங்கையில் வைத்தாள்.

"பட்டறை ஓடிட்டுத்தானுங்க இருக்குது. பசங்க கடையறாங்க. நீங்க பாத்துச் சொன்னாத்தான் அனுப்புவாங்களாமா."

இடது விரலுக்கு அந்த நுணுக்கம் கிடையாது. சரக்கு நிற்கக்கூடாதே என்று வலது விரலோடு மல்லுக்கட்டினேன். தினமும் ஒரு புஷ் வந்தது. பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்தை அழுத்தினேன், வலியில் கத்தினேன், மறுநாளும் அழுத்தினேன்.

ஒரு காலை, வளையத்தின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் விரலில் பட்டது. சந்தோஷத்தில் அழுதேவிட்டேன். மறுநாள் வந்த புஷ்ஷிலும் அதே இடத்தில் அதே கீறல். அதற்கு மறுநாளும். இரண்டு புஷ்ஷில் ஒரே கீறல் விழாது.

"ஒரே புஷ்ஷத்தான் தினமும் தொடச்சுக் கொண்டாறயா?"

அவள் மறைக்கவில்லை. ஆர்டர் கொடுத்தவர்கள் வேறு இடம் போய்விட்டார்களாம். நான் விழுந்த கொஞ்ச நாளிலேயே பட்டறையைப் பூட்டிவிட்டாளாம்.

"சொல்லியிருந்தா கையத் தூக்கியிருப்பீங்களா? இப்ப கை வந்துருச்சில்லீங்க?"

கை வந்தது நிஜம். பொய்யால்தான் வந்தது என்பதும் நிஜமாக இருக்கலாம். ஆனாலும் என்னைக் குழந்தைபோல் ஏமாற்றியது பொறுக்கவில்லை. அன்று சோறு இறங்கவில்லை.

அதன்பின் டாக்டர் "நல்ல முன்னேற்றம்" என்றால், இவள் சொல்லிக்கொடுத்ததோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் மாத்திரை கொடுத்தால் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். நோயாளியிடம் பொய் சொல்லத் துணிகிறவர்கள் இதையும் யோசியுங்கள். தேறிய பிறகும் அவர் உங்களோடுதான் வாழவேண்டும்.

ஒரு நாள் கேட்டேன்: "சாந்தாமணி, பழையபடி நான் லேத்துல நிப்பேனா?"

"நிப்..." என்று வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். என் கையைப் பார்த்தாள்.

"தெரியலீங்க."

இந்த முறை அவள் முகத்தை ஆராயத் தோன்றவில்லை. பயிற்சிப் பந்தை எடுக்கச் சொல்லிக் கையை நீட்டினேன். வலது கையை.