ஊற்றுக் கண்ணை அடைத்த நாள்

மழை பொய்த்துப்போன ஒரு கோடையில், நாமக்கல் பக்கத்து வற்றிய கிணறுகளின் அடியில் துளை போடும் சர்க்கார் கருவி ஒன்று என் பொறுப்பில் இருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளி இறுதி வகுப்பு வரை போனவன் நான் ஒருவன்தான். அம்மாபேட்டையில் தறி நெய்துகொண்டிருந்த அப்பா, என் வேலை என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "நாங்க குழியில கால விட்டு உக்காந்து நெய்யறோம். நீ படிச்சு முடிச்சு முழுசாவே குழியில எறங்கிட்டியா?" என்றார். ஆனாலும் அன்று மாலை தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

கருவி பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. இரும்புக் கம்பிகளை மரையால் ஒன்றோடொன்று பூட்டி, அடியில் எஃகு உளி. மேலே குறுக்கே ஒரு கனத்த பிடி, நட்டு வைத்து ஸ்பானரால் இறுக்கியது. ஆட்கள் இரு பக்கமும் நின்று பிடியைத் தூக்கிக் குத்தித் திருப்ப வேண்டும். பாறைக்கடியில் ஊற்று அகப்பட்டால் உளி திடீரென்று வெற்றிடத்தில் இறங்கும். அப்போது யாரும் பிடியை விடக்கூடாது. விட்டால் அத்தனை கம்பியும் சேர்ந்து கீழே பாயும். ஒவ்வொரு கிணற்றிலும் வேலை தொடங்குமுன் இதை நான் சொல்லுவேன். அந்தத் தோட்டத்திலும் சொன்னேன்.

தோட்டத்துக்காரர் தாமே பிடியைப் பிடிக்க இறங்கியிருந்தார். தன் கிணற்றில் தன் கைதான் முதலில் தண்ணீரைத் தொட வேண்டும் என்று அவருக்கு ஆசை. எதிரில் என்னுடைய ஆட்கள் இருவர், பக்கத்தில் நான். மேலே, எருது பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஏற்றத்தடியில் அவர் மனைவி, கூடவே தண்ணீர் வருமா என்று பார்க்க வந்த அக்கம்பக்கத்துத் தோட்டத்து ஆட்கள்.

உச்சிவெயிலில் பாறையின் சத்தம் மாறியது. 'ணங்'கென்று கேட்டுக்கொண்டிருந்தது 'தொப்'பென்று கேட்டது. "பிடி, பிடி" என்று நான் சொல்லும்போதே கம்பியைச் சுற்றி மணலும் தண்ணீருமாகப் பொங்கியது. தோட்டத்துக்காரர் அதைப் பார்த்தார். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார்.

மற்ற இருவர் கையிலிருந்து பிடி முறுக்கிக்கொண்டு போனது. கம்பி இறங்கியது. தோட்டத்துக்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். விழுந்து கும்பிடுகிறார் என்றுதான் மேலே இருந்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். சிலர் குலவைகூட இட்டார்கள். பிடி அவருடைய வலது பாதத்தைப் பாறையோடு சேர்த்து அழுத்தியிருந்தது.

மூன்று பேர் சேர்ந்து தூக்கியும் அசையவில்லை. உடைந்த கற்கள் துளைக்குள் கம்பியை இறுக்கிக்கொண்டுவிட்டன. நட்டைக் கழற்றினால் பிடி தனியே வந்துவிடும். ஆனால் ஸ்பானர் தண்ணீருக்குள் எங்கோ போய்விட்டது. துளை கக்கிய மணல் அவர் கணுக்காலை மூடிக்கொண்டு வந்தது. அள்ள அள்ள வந்தது. தண்ணீர் என் முழங்காலுக்கு ஏறியிருந்தது. உட்கார்ந்திருந்த அவருக்கு அது இடுப்புக்கு மேல்.

மேலிருந்து ஒருவர், "கம்பியில கவுறு மாட்டுங்க, எருதுல கட்டி இழுத்துப்போடலாம்" என்று கத்தினார்.

"வேண்டாம். பாதி அடைப்பே அந்தக் கம்பிதான். பாதியில நின்னா காலும் போகும், தண்ணியும் மொத்தமா வந்துரும். நீங்க கவலையப் பூட்டி எறைங்க. சாக்கும் களிமண்ணும் எறக்குங்க, துளைய அடைக்கணும்" என்றேன்.

அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த தோட்டத்துக்காரர் என் முழங்கையைப் பிடித்தார்.

"தம்பி, அடைக்காதீங்க."

"கால் மாட்டியிருக்குதுங்க."

"இருக்கட்டுமுங்க. ஊத்துக் கண்ண அடைச்சா மறுக்கா தொறக்காதுங்க. எங்கப்பன் காலத்துல ஒரு தோட்டத்துல அடைச்சாங்க. இன்னிக்கு வரைக்கும் அது காஞ்சுதான் கெடக்குது. எறைச்சே சமாளிங்க சாமி."

"எறைக்கிறதவிட வர்றது அதிகமுங்க."

"அப்ப இன்னும் சுருக்கா எறைக்கச் சொல்லுங்க."

கிணறு அவருடையது. காலும் அவருடையது. நான் யாரோ ஒரு நெசவாளி மகன், கையில் ஒரு சர்ட்டிபிகேட். தண்ணீர் அவர் நெஞ்சைத் தொட்டபோது மேலே பார்த்து அவர் மனைவியிடம் கேட்டேன்: "அம்மா, அடைக்க வேண்டாங்கறாருங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

அந்த அம்மாள் விளிம்புக்கு வந்து குனிந்தார்.

"அவரு பேச்சக் கேக்காதீங்க தம்பி. கண்ணாலம் ஆன நாள்ல இருந்து இந்தக் கெணத்தத்தான் கட்டிக்கிட்டு அழுவறாரு. அடைங்க."

"ஏ புள்ள, வேண்டாம்."

"தண்ணி இல்லீன்னா இன்னொரு கெணறு வெட்டலாமுங்க மாமா. நீங்க இல்லீன்னா நான் எங்க போயி வெட்டறது?"

சொல்லிக்கொண்டே களிமண் சாக்கை அந்த அம்மாளே கயிற்றில் கட்டி இறக்கினார்.

ஈரச் சாக்கைக் கிழித்துக் கம்பியைச் சுற்றித் துளைக்குள் திணித்தோம். முதல் சாக்கைத் தண்ணீர் தூக்கி எறிந்தது. இரண்டாவதை வைத்து அதன்மேல் நான் ஏறி நின்றேன். உள்ளங்காலுக்கு அடியில் ஏதோ உயிருள்ளது முட்டுவதுபோல் இருந்தது. களிமண் சாக்குகள் ஒவ்வொன்றாக வர வர, என்னைச் சுற்றி அடுக்கி மிதித்தார்கள். முட்டல் குறைந்தது. தோட்டத்துக்காரர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வலியாலா, அடைப்பதைப் பார்க்க மனமில்லாமலா, தெரியவில்லை.

அதற்குள் தண்ணீர் அவர் தாடைக்கு வந்துவிட்டது. என் ஆள் ஒருவர் பின்னால் நின்று அவர் தலையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். மேலே எருதுகளை ஓட்டுகிற சத்தம் நிற்கவே இல்லை. தோல் சால் இறங்கும், நிறையும், எங்கள்மேல் சிந்திக்கொண்டு ஏறும். சுவரில் ஈரக்கோடு ஒன்று தெரிந்தது. அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டுக்குக் கீழே விரலளவு, பிறகு கையளவு, தண்ணீர் இறங்கியது.

இறங்கியதும் மணலைத் தோண்டினோம். ஸ்பானர் அவருடைய மற்றொரு காலுக்கு அடியிலேயே கிடந்தது.

"இத்தன நேரம் இதும் மேலயா உக்காந்திருந்தேன்?" என்றார். அந்த நிலையிலும் என் ஆட்கள் சிரித்துவிட்டார்கள்.

நட்டு கழன்றது. பிடியைத் தூக்கி எடுத்தோம். பாதம் வீங்கி, கறுத்து, இரண்டு விரல் நசுங்கியிருந்தது. கயிற்றுக் கட்டிலில் கட்டி மேலே ஏற்றினார்கள். போகும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை; சாக்கு மூடிய துளையைப் பார்த்துக்கொண்டே போனார்.

தன் கால் எலும்பு கூடும்வரை அடைப்பை யாரும் தொடக்கூடாது என்று தோட்டத்துக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். இறுகிய கம்பியைத் துளையிலேயே விட்டுவிட்டு, நான் வேறொரு கருவியோடு எடப்பாடிப் பக்கம் போய் வேறு கிணறு பார்த்தேன். அங்கே ஒவ்வொரு குத்துக்கும் என் உள்ளங்கால் கூசியது. அவர் கிணற்று ஊற்று மூடிப்போயிருந்தால் அடைக்கச் சொன்னவன் நான்தான்.

ஆள் வந்து கூப்பிட்டதும் போனேன். அவர் தடியோடு கிணற்றின் அடிக்கே இறங்கியிருந்தார். களிமண்ணை வெட்டி எடுத்தோம். சாக்கைப் பிடுங்கினோம். பிடியைத் திரும்பப் பூட்டி, கம்பியில் கயிற்றைக் கட்டி, மேலே எருதுகளைக் கொண்டு மெல்ல இழுக்கச் சொன்னேன். கம்பி கோணாமல் இருக்க அவர் தடியைக் கீழே போட்டுவிட்டுப் பிடியைப் பிடித்துக்கொண்டார்.

கம்பி நெகிழ்ந்தது. ஒரு முழம் ஏறியது. ஒன்றும் வரவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் துளையைப் பார்த்தேன். இன்னொரு முழம். துளையின் வாயில் மணல் லேசாக உப்பியது. குமிழ் ஒன்று வெடித்தது. பிறகு கலங்கலாகத் தண்ணீர் வழியத் தொடங்கியது. அன்றைக்குப் பொங்கிய வேகம் இல்லை. ஆனால் நிற்கவில்லை.

என் ஆட்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மேலேயும் எல்லாரும் கும்பிட்டார்கள்.

"ஏனுங்க, நீங்க கும்பிடலீங்களா?" என்று மேலிருந்து அந்த அம்மாள் கேட்டார்.

"சித்த இரு புள்ள," என்றார் அவர், இரண்டு கையும் பிடியில் இருக்க. "மொதல்ல கம்பி மேல போவட்டும்."